2-எத்தில்புரப்பேன் ஏன் தவறு? மகள் எழுதும் ஹைட்ரோகார்பன் பெயரை வீட்டிலேயே சரிபார்க்க முடியுமா?

பாகூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மகள் பதினொன்றாம் வகுப்பு. ஹைட்ரோகார்பன்களுக்குப் பெயர் வைக்கும் விதிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிறாள். ஆனால் பரீட்சையில் ஒரு படத்துக்கு 2-எத்தில்புரப்பேன் என்று எழுதி மதிப்பெண் போய்விட்டது, அது ஏன் தவறு என்று அவளுக்கே புரியவில்லை, டியூஷன் வைக்கத்தான் வேண்டுமா என்று கேட்கிறீர்கள். கடைசியில் "நான் பத்தாவதோடு நின்றவன்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். வேதியியல் படிக்காத அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, மகள் எழுதியது சரியா தவறா என்று கண்டுபிடிக்க வழி உண்டா என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். உண்டு. இந்த ஒரு பாடத்திலாவது நிச்சயமாக உண்டு. கடலூரிலும் புதுச்சேரியிலுமாகப் பல வருடங்கள் மேல்நிலை வகுப்புக்கும் கல்லூரி முதலாண்டுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்துவரும் அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சொல். நம் பக்கத்தில் ஹைட்ரோகார்பன் என்றதும் பலருக்கு 2017 நெடுவாசல் போராட்டம்தான் நினைவுக்கு வரும். கடலூர் மாவட்டத்தின் சில ஒன்றியங்களையும் சேர்த்து 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தபோதும் இந்தச் சொல் ஊரெங்கும் அடிபட்டது. அங்கே அதற்குப் பூமிக்கடியில் இருக்கும் எண்ணெய், எரிவாயு என்று பொருள். பாடப்புத்தகத்தில் பொருள் இன்னும் கறாரானது: கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே இருக்கும் சேர்மம், மூன்றாவதாக ஒரு தனிமம் நுழைந்தால் அது ஹைட்ரோகார்பன் இல்லை. சாராயத்தில் ஆக்சிஜன் இருக்கிறது, அதனால் சேராது. தண்ணீர் நிற்கும் நெல் வயலின் சேற்றில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் மீத்தேன் சேரும். சமையல் சிலிண்டரில் இருக்கும் புரப்பேனும் பியூட்டேனும் சேரும், மெழுகுவத்தி மெழுகும் மண்ணெண்ணெயும் சேரும். கேரட்டின் நிறம்கூடச் சேரும், அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் பாடம் முழுவதும் ஓர் எண்ணின் மேல் நிற்கிறது: கார்பனுக்கு நான்கு பிணைப்பு, ஹைட்ரஜனுக்கு ஒன்று. கார்பன்கள் ஒன்றோடொன்று இணைந்த பிறகு மிச்சமிருக்கும் இடங்களை ஹைட்ரஜன் நிரப்பும். மகள் வரைந்த படத்தில் ஒவ்வொரு கார்பனைச் சுற்றியும் எத்தனை கோடு என்று எண்ணுங்கள். ஐந்து இருந்தால் படமே தவறு, பெயரைப் பார்க்க வேண்டியதே இல்லை. இரட்டைக் கோட்டை இரண்டாகவும் மூன்று கோட்டை மூன்றாகவும் எண்ண வேண்டும். நீங்கள் செய்யக்கூடிய முதல் சோதனை இது, இதற்கு வேதியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

மனப்பாடம் செய்தே ஆக வேண்டியவை கொஞ்சம்தான். ஒரு கார்பன் என்றால் மீத், இரண்டு எத், மூன்று புரப், நான்கு பியூட். இந்த நான்கும் 19ஆம் நூற்றாண்டு வேதியியலாளர்கள் அவரவர் கையில் இருந்த பொருளை வைத்துச் சூட்டியவை. பியூட் என்பது வெண்ணெய் கெட்டுப்போனால் நாறும் அமிலத்திலிருந்து வந்தது. ஐந்திலிருந்து பென்ட், ஹெக்ஸ், ஹெப்ட், ஆக்ட், நோன், டெக் என்று வெறும் எண்ணுப் பெயர்கள். கடைசி அசை பிணைப்பைச் சொல்லும். ஒற்றைப் பிணைப்பு மட்டுமே இருந்தால் ஏன், இரட்டை இருந்தால் ஈன், மூன்று இருந்தால் ஐன். இப்படி உயிரெழுத்தை மாற்றி வரிசைப்படுத்தும் யோசனையை 1866இல் ஹோஃப்மன் என்ற ஜெர்மன் வேதியியலாளர் முன்வைத்தார். 1892இல் ஜெனீவாவில் கூடிய வேதியியலாளர்கள் ஒரு பொது முறைக்கு அடித்தளம் போட்டார்கள். அதற்கு முன்பு ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு பெயர் புழங்கியது. பெயரைப் படிக்கும் யாராயிருந்தாலும், எந்த நாட்டில் இருந்தாலும், அதே படத்தை வரைய வேண்டும் என்பதுதான் அவர்கள் வைத்துக்கொண்ட குறிக்கோள். உங்களுக்கு நான் சொல்லப்போகும் வழி முழுவதும் இதிலிருந்து வருவதுதான். பெயரைத் திரும்பப் படமாக்கிப் பார்த்தால் தவறு தானாகவே வெளியே வந்துவிடும்.

இப்போது அந்த 2-எத்தில்புரப்பேன். இதைத் தாளில் விளக்குவதைவிடக் கையில் செய்துவிடலாம். கறுப்புக் கொண்டைக்கடலையைக் கொஞ்சம் ஊறப்போடுங்கள். ரொம்ப ஊறினால் குழைந்து குச்சி நிற்காது, குச்சி இறங்கும் அளவுக்கு ஊறினால் போதும். தென்னந்துடைப்பத்தின் ஈர்க்குச்சியை நுனிப்பக்கமாக எடுத்து ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். கடலை கார்பன், குச்சி பிணைப்பு. ஹைட்ரஜனை இப்போதைக்கு விட்டுவிடலாம். புரப்பேன் என்றால் மூன்று கடலை வரிசையாக. 2-எத்தில் என்றால் நடுக்கடலையில் ஒரு குச்சி குத்தி, அதன் மேல் இரண்டு கடலைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்க வேண்டும். மொத்தம் ஐந்து கடலை. இனி அந்த வாலின் கடைசிக் கடலையை ஒரு கையிலும், பழைய வரிசையின் ஏதாவது ஒரு முனைக் கடலையை மறு கையிலும் பிடித்து மெல்ல நேராக்குங்கள். நான்கு கடலைகள் ஒரே வரிசையில் வந்துவிடும். ஐந்தாவது, ஒரு முனையிலிருந்து எண்ணினால் இரண்டாவது கடலையில் தனியாகத் தொங்கும். நான்கு கார்பன் என்றால் பியூட்டேன். தொங்குவது ஒற்றைக் கார்பன், அதாவது மெத்தில். ஆகவே சரியான பெயர் 2-மெத்தில்பியூட்டேன்.

உங்கள் மகள் எந்த விதியையும் மறக்கவில்லை. மிக நீளமான சங்கிலியைத் தேர்ந்தெடு என்ற விதி அவளுக்குத் தெரியும். தாளில் படுக்கையாக வரைந்திருந்ததைச் சங்கிலி என்றும், மேல்நோக்கிப் போனதைக் கிளை என்றும் அவள் கண் முடிவு செய்துவிட்டது. வகுப்பில் நான் பார்க்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. தாளில் எது படுக்கை, எது செங்குத்து என்பதற்கு மூலக்கூறில் எந்த அர்த்தமும் இல்லை, ஒற்றைப் பிணைப்பைச் சுற்றி அது சுழன்றுகொண்டே இருக்கும். கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் வேண்டுமென்றே சங்கிலியை வளைத்து, மடித்து வரைவதும் இதற்காகத்தான். அதனால் ஒவ்வொரு முனையிலும் பென்சிலை வைத்து, தூக்காமல் இன்னொரு முனைவரை போய், எத்தனை கார்பன் என்று எண்ணச் சொல்லுங்கள். எல்லா முனை ஜோடிகளுக்கும் இதைச் செய்ய வேண்டும். சலிப்பாக இருக்கும், ஆனால் கொஞ்ச நாளில் கண் பழகிவிடும்.

இதற்கு ஒரு குறுக்குச் சோதனை இருக்கிறது, உங்களைப் போன்ற அப்பாக்களுக்கென்றே செய்தது போல. ஆல்கேன், அதாவது ஒற்றைப் பிணைப்பு மட்டுமே உள்ள ஹைட்ரோகார்பன், அதன் பெயர் ஒன்றைப் பார்த்தால், கிளையின் முன் இருக்கும் எண்ணையும் கிளையின் நீளத்தையும் ஒப்பிடுங்கள். கிளையின் நீளம் அந்த எண்ணைவிட ஒன்றாவது குறைவாக இருக்க வேண்டும். எண் 1 என்றால் கிளையே இருக்க முடியாது, எனவே 1-மெத்தில் என்று தொடங்கும் ஆல்கேன் பெயரைப் பார்த்தவுடன் அடித்துவிடலாம். எண் 2 என்றால் மெத்தில் மட்டும்தான் உட்காரலாம், எத்தில் கூடாது. எண் 3 என்றால் எத்தில்வரை போகலாம், நேரான புரப்பைல் கூடாது. காரணத்தைக் கடலையிலேயே பார்க்கலாம். இரண்டாவது கார்பனுக்கு அப்பால் முனைப்பக்கம் இருப்பது ஒரே ஒரு கார்பன். அதைவிட நீளமான கிளை அங்கே இருந்தால் அந்தக் கிளைதான் சங்கிலி, பழைய முனைதான் கிளை. வளையம் இல்லாத, ஒற்றைப் பிணைப்பு மட்டுமே உள்ள சேர்மங்களுக்கு இந்தச் சோதனை எப்போதும் சரிவரும். இரட்டைப் பிணைப்பு வந்துவிட்டால் வராது, அதைக் கீழே சொல்கிறேன். வளையத்துக்கும் பொருந்தாது.

அடுத்து எண் போடும் திசை. இந்த இடத்தில் ஒரு தவறான பாடம் வெகுகாலமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது, உங்கள் மகள் காதிலும் விழுந்திருக்கும்: எண்களைக் கூட்டிப் பார், கூட்டுத்தொகை எந்தப் பக்கம் குறைகிறதோ அதுதான் சரி என்பது. பல கணக்குகளில் விடை ஒத்துப்போய்விடும், அதனால்தான் இது இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் விதி அதுவன்று. பத்துக் கார்பன் சங்கிலி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கமிருந்து எண்ணினால் மெத்தில்கள் 2, 7, 8இல் வருகின்றன. மறுபக்கமிருந்து எண்ணினால் அதே மெத்தில்கள் 3, 4, 9. கூட்டினால் முதலாவது 17, இரண்டாவது 16. கூட்டுத்தொகைக்காரர் 3,4,9 என்று எழுதுவார், மதிப்பெண் போகும். சரியான பெயர் 2,7,8-ட்ரைமெத்தில்டெக்கேன். இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, முதன்முதலாக எந்த இடத்தில் வேறுபடுகின்றனவோ அங்கே சிறிய எண் இருப்பதை எடுக்க வேண்டும். இங்கே முதல் இடத்திலேயே 2, 3 என்று வேறுபட்டுவிட்டது, அதற்குப் பிறகு வரும் எண்களைப் பார்க்கவே வேண்டாம். கூட்டல் அவள் நோட்டில் எங்காவது தென்பட்டால் முதல் வேலையாக அதை நிறுத்துங்கள்.

ஒரே நீளத்தில் இரண்டு சங்கிலிகள் கிடைத்தால் அதிகக் கிளைகள் உள்ளதை எடுக்க வேண்டும். சொல்லிவிட்டுப் போகலாம், இதில் பெரிய குழப்பம் வருவதில்லை. குழப்பம் வருவது அகர வரிசையில், அதுவும் தமிழ்வழியில் பத்தாவது முடித்து வந்த பிள்ளைகளுக்கு. கிளைகளை அகர வரிசையில் எழுத வேண்டும் என்றால் அது ஆங்கில எழுத்து வரிசை. தமிழில் எழுதிப் பார்த்து வரிசைப்படுத்தினால் எத்தில், மெத்தில் விஷயத்தில் தற்செயலாகச் சரியாக வந்துவிடும். பியூட்டைலும் எத்திலும் சேர்ந்து வந்தால் தமிழ் வரிசையில் எத்தில் முந்தும், விதிப்படி பியூட்டைல்தான் முதலில். மெத்திலும் புரப்பைலும் வந்தால் தமிழில் பகரம் மகரத்துக்கு முந்தியது, விதிப்படி மெத்தில் முதலில். டை (இரண்டு), ட்ரை (மூன்று) என்ற எண்ணொட்டுகளைக் கணக்கில் எடுக்கக் கூடாது. டைமெத்தில் என்றாலும் மெத்தில் என்றே வைத்து வரிசை பார்க்க வேண்டும். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் இப்போது சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்குப் போய்விட்டன, கடலூர்ப் பக்கம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். ஆனால் இந்தப் பெயரிடும் விதிகள் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

இரட்டை, முப்பிணைப்பு வந்துவிட்டால் முன்னுரிமை மாறுகிறது. பள்ளிப் புத்தகத்தின்படி, சங்கிலி அந்தப் பிணைப்பைத் தன்னுள் வைத்திருக்க வேண்டும், எண்ணும் அந்தப் பிணைப்புக்குக் கிட்ட இருக்கும் முனையிலிருந்தே தொடங்க வேண்டும். கிளைக்கு எவ்வளவு பெரிய எண் வந்தாலும் கவலையில்லை. நான்கு கார்பன் சங்கிலியில் நடுவில் இரட்டைப் பிணைப்பு இருந்தால் பியூட்-2-ஈன், ஓரத்தில் இருந்தால் பியூட்-1-ஈன். இரட்டையும் மூன்றும் ஒரே சங்கிலியில் இருந்தால், எந்தப் பக்கமிருந்து முதலில் ஒரு பிணைப்பு எதிர்ப்படுகிறதோ அந்தப் பக்கம். இரண்டு பக்கமும் சமமாக வந்தால் மட்டும் இரட்டைக்குச் சிறிய எண். அதனால்தான் பென்ட்-1-ஈன்-4-ஐன் என்றும் எழுதுகிறோம், பென்ட்-3-ஈன்-1-ஐன் என்றும் எழுதுகிறோம். இரண்டையும் வரைந்து பார்த்தால் விதி தானாகப் புரியும்.

ஈன், ஐன் வித்தியாசம் மகளுக்கு வெறும் எழுத்தாகத் தெரிந்தால், கடலூர் துறைமுகப் பக்கம் படகுக்கு வெல்டிங் செய்யும் பட்டறையையும் பண்ருட்டிப் பழ மண்டியையும் நினைக்கச் சொல்லுங்கள். கால்சியம் கார்பைடு கல்லில் தண்ணீர் பட்டால் வருவது அசிட்டிலீன். முறைப்படி அதன் பெயர் ஈத்தைன்: இரண்டு கார்பன், நடுவில் மூன்று பிணைப்பு, இரண்டே ஹைட்ரஜன். கேஸ் வெல்டிங்கில் ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்து இரும்பை உருக்குவது அதுதான். பழம் தானாகப் பழுக்கும்போது தானே வெளியிடும் வாயு எத்திலீன், முறைப்படி ஈத்தீன்: இரண்டு கார்பன், இரட்டைப் பிணைப்பு, நான்கு ஹைட்ரஜன். பழுக்க வைக்கும் வேலையில் அசிட்டிலீன் எத்திலீனைப் போலவே, ஆனால் பலவீனமாக, நடந்துகொள்ளும். அதைத்தான் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். அந்தக் கல்லில் ஆர்செனிக், பாஸ்பரஸ் சேர்மங்கள் கலந்திருக்கலாம் என்பதால் பழத்துக்கு அதைப் பயன்படுத்தத் தடை இருக்கிறது. எத்திலீன் வாயுவை அளவோடு பயன்படுத்த அனுமதி இருக்கிறது. பெயரில் இருக்கும் அந்த ஓர் அசை வேறுபாடு, மண்டியில் சட்டத்துக்கு உட்பட்டதையும் படாததையும் பிரிக்கிறது.

ஹைட்ரஜனை எண்ணுவதையும் அவளோடு சேர்ந்து பழகுங்கள், இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வளையமும் (கார்பன்கள் வட்டமாக இணைவது) இரட்டை, முப்பிணைப்புகளும் இல்லாத சேர்மத்தில், கார்பன் எண்ணிக்கையை இரட்டித்து இரண்டைக் கூட்டினால் ஹைட்ரஜன் எண்ணிக்கை கிடைக்கும். ஐந்து கார்பனுக்குப் பன்னிரண்டு. உண்மையில் இருக்கும் ஹைட்ரஜன் இதைவிடக் குறைந்தால், குறையும் ஒவ்வொரு இரண்டுக்கும் ஓர் இரட்டைப் பிணைப்போ ஒரு வளையமோ இருக்கிறது என்று அர்த்தம். முப்பிணைப்புக்கு நான்கு குறையும். 1825இல் ஃபாரடே பிரித்தெடுத்த பென்சீனில் ஆறு கார்பன், ஆறே ஹைட்ரஜன். பதினான்கு இருக்க வேண்டிய இடத்தில் எட்டு குறைகிறது, எனவே நான்கு குறைபாடு. 1865இல் கெக்குலே அதற்கு ஒரு வளையம், மூன்று இரட்டைப் பிணைப்பு என்று கணக்குக் கொடுத்தார். அந்த மூன்று இரட்டையும் உண்மையில் ஓரிடத்தில் நிற்பதில்லை, ஆறு பிணைப்புகளும் ஒரே நீளம், ஒற்றைக்கும் இரட்டைக்கும் நடுவில். சரி, இப்போது கேரட்டுக்கு வருவோம். அதன் நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டீனில் 40 கார்பன், 56 ஹைட்ரஜன். 82 இருக்க வேண்டும், 26 குறைகிறது, எனவே 13. பதினோரு இரட்டைப் பிணைப்பும் இரண்டு வளையமும் சேர்ந்தால் பதின்மூன்று. தக்காளியைச் சிவப்பாக்கும் லைகோப்பீனிலும் அதே 40, அதே 56. ஆனால் அதில் வளையமே இல்லை, பதின்மூன்றும் இரட்டைப் பிணைப்புகள். சமையலறையில் ஒரே கூடையில் கிடக்கும் இரண்டு காய்கள், ஒரே வாய்பாடு, அதாவது எந்த அணு எத்தனை என்ற கணக்கு ஒன்றே, ஆனால் வேறு வேறு அமைப்பு. வாய்பாடு மட்டும் போதாது, அமைப்பைச் சொல்லும் பெயர் ஏன் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் நான் காட்டுவது இதைத்தான்.

அமைப்பு மாறினால் குணம் மாறும் என்பதை எண்களிலும் பார்க்கலாம். உங்கள் மகள் தவறவிட்ட 2-மெத்தில்பியூட்டேன் சுமார் 28 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அதே ஐந்து கார்பன் நேராக இருக்கும் பென்டேன் 36இல். நடுக்கார்பனைச் சுற்றி நான்கு மெத்தில் வைத்த 2,2-டைமெத்தில்புரப்பேன் 9 அல்லது 10 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதாவது புதுச்சேரி வெயிலில் முதலிரண்டில் ஒன்று ஆவியாகிப் போய்விடும், மற்றது திரவமாகவே தாக்குப்பிடிக்கப் பார்க்கும், மூன்றாவது எப்போதும் வாயுதான். நீளமான மூலக்கூறுகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்து ஒன்றையொன்று நன்றாகத் தொடும், அதனால் பிரிக்க அதிக வெப்பம் வேண்டும். உருண்டையானவை கொஞ்சமாகத்தான் தொடும். எஞ்சினில் தட்டாமல் எரியும் தன்மையை அளக்கப் பெட்ரோலில் ஆக்டேன் எண் என்று சொல்கிறார்களே, அந்த அளவுகோலில் 100 என்று வைத்திருப்பது 2,2,4-ட்ரைமெத்தில்பென்டேனை, பூஜ்ஜியம் என்று வைத்திருப்பது நேர்ச்சங்கிலி ஹெப்டேனை. அந்த நூறுக்குரிய சேர்மத்தில் எட்டுக் கார்பன்கள். அதே எட்டுக் கார்பனை நேராக வைத்த ஆக்டேனுக்கு அந்த அளவுகோலில் பூஜ்ஜியத்துக்கும் கீழேதான் இடம். எஞ்சினுக்கு வாய்பாடு ஒரு பொருட்டே இல்லை, கிளைகள்தான் முக்கியம்.

இதுவரை சொன்னதில் ஆல்கேன் பகுதி முழுக்க உறுதியானது, யார் வந்து கேட்டாலும் மாறாது. ஆல்கீன், அதாவது இரட்டைப் பிணைப்பு உள்ளவை, அந்தப் பகுதியில் ஓர் இடம் அப்படி இல்லை, அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சங்கிலி இரட்டைப் பிணைப்பைத் தன்னுள் வைத்திருக்க வேண்டும் என்றேன் அல்லவா? பெயரிடும் விதிகளை வகுக்கும் ஐயூபேக் அமைப்பு 2013இல் வெளியிட்ட பரிந்துரையில் இதை மாற்றிவிட்டது. இப்போது நீளத்துக்குத்தான் முதலிடம், இரட்டைப் பிணைப்பு வெளியே இருந்தாலும் பரவாயில்லை. ஒரு கார்பனில் ஓர் எத்தில், ஒரு புரப்பைல், இரட்டைப் பிணைப்பால் ஒரு கார்பன் என்று மூன்றும் இருந்தால், பள்ளிப் புத்தக முறையில் 2-எத்தில்பென்ட்-1-ஈன், புதிய முறையில் 3-மெத்திலிடீன்ஹெக்சேன். முன்பு சொன்ன குறுக்குச் சோதனை ஆல்கீனுக்கு ஏன் வராது என்பதும் இதில் தெரியும்: எண் 2இல் எத்தில் உட்கார்ந்திருக்கிறது, பள்ளி முறைப்படி அது சரியே. இணையத்திலோ மென்பொருளிலோ புதிய பெயர் வந்து மகள் குழம்பினால், இரண்டும் ஒரே மூலக்கூறு என்று வரைந்து காட்டுங்கள், பரீட்சையில் புத்தக முறையை எழுதச் சொல்லுங்கள். பியூட்-2-ஈன் என்பதைப் பழைய புத்தகங்கள் 2-பியூட்டீன் என்று எழுதியிருக்கும். அது வெறும் எண் வைக்கும் இடம், பயப்பட ஒன்றுமில்லை.

நான் சொன்ன வழிக்கும் எல்லை உண்டு. கடலையும் குச்சியும் எந்தக் கார்பன் எதோடு இணைந்திருக்கிறது என்பதைக் காட்டும், அவ்வளவுதான். பியூட்-2-ஈனில் இரட்டைப் பிணைப்பின் இரண்டு முனைகளிலும் இருக்கும் மெத்தில்கள் ஒரே பக்கம் இருக்கலாம், எதிரெதிர்ப் பக்கமும் இருக்கலாம். இரட்டைப் பிணைப்பு சுழலாது, அதனால் இவை இரண்டு தனிப் பொருள்கள். ஒன்று சுமார் 4 டிகிரியில் கொதிக்கும், மற்றது 1 டிகிரியில். இரண்டு கடலைகளுக்கு நடுவே இரண்டு குச்சிகளைக் குத்தினால் சுழலாமல் நிற்கும், இதைக்கூட ஓரளவு காட்டலாம். ஆனால் எந்த வினை எங்கே நடக்கும், புரோமின் நீரின் நிறம் ஏன் போகிறது, ஹைட்ரஜன் புரோமைடு எந்தக் கார்பனில் சேரும் என்ற கேள்விகளுக்குப் பெயரிடும் பாடம் விடை சொல்லாது. அதற்கு ஆசிரியர் வேண்டும், அல்லது நல்ல புத்தகமும் பொறுமையும் வேண்டும். மகள் எழுதிய விடைத்தாளை நான் பார்க்கவில்லை, நீங்கள் குறிப்பிட்ட ஒரு பெயரை வைத்துத்தான் இவ்வளவும் சொல்கிறேன். அவளுக்குச் சிக்கல் வேறு இடத்திலும் இருந்தால், அந்தக் கேள்விகளையும் எழுதுங்கள், பார்க்கலாம்.

டியூஷனைப் பற்றி: பெயரிடுதலுக்காக மட்டும் என்றால் வைக்காதீர்கள். அங்கே போனாலும் அதே விதிகளை இன்னொரு முறை ஒப்பிப்பாள், குறை இருப்பது ஒப்பிப்பதில் இல்லை. அதற்குப் பதில் ராத்திரி சாப்பிட்ட பிறகு சிறிது நேரம் இருவரும் உட்காருங்கள். புத்தகத்திலிருந்து நீங்கள் ஒரு பெயரை மட்டும் வாசியுங்கள், அவள் படம் வரையட்டும். வரைந்த படத்தை மடித்து வைத்துவிட்டு, மறுநாள் பெயர் இல்லாமல் அந்தப் படத்தைக் கொடுத்துப் பெயர் எழுதச் சொல்லுங்கள். முதல் நாள் வாசித்ததும் மறுநாள் எழுதியதும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் எங்கே பிரிந்தது என்று அவளே தேடட்டும், நீங்கள் கோடு எண்ணும் வேலையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்து இல்லாமல் மடிப்புக் கோடாக மட்டும் வரைந்த படம் வந்தால், ஒவ்வொரு மடிப்பும் ஒரு கார்பன், ஒவ்வொரு முனையும் ஒரு கார்பன் என்று நினைவூட்டுங்கள். முனையை எண்ணாமல் விடுவது அங்கே வழக்கமான தவறு.

முதல் பயிற்சியாக ஆறு கார்பன், பதினான்கு ஹைட்ரஜனுக்கு எத்தனை அமைப்புகள் வரும் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். விடை ஐந்து: ஹெக்சேன், 2-மெத்தில்பென்டேன், 3-மெத்தில்பென்டேன், 2,2-டைமெத்தில்பியூட்டேன், 2,3-டைமெத்தில்பியூட்டேன். பெரும்பாலும் அவள் ஆறோ ஏழோ எழுதிக்கொண்டு வருவாள், கூடுதலாக 4-மெத்தில்பென்டேன் இருக்கும், 2-எத்தில்பியூட்டேன் இருக்கும். முதலாவது எண்ணைத் திருப்பிப் போட்டால் பட்டியலில் ஏற்கெனவே இருப்பது. இரண்டாவதை நீங்களே குறுக்குச் சோதனையில் பிடித்துவிடுவீர்கள், நேராக்கினால் அது 3-மெத்தில்பென்டேன். ஐந்தும் சரியாக வந்துவிட்டால் அடுத்து ஏழு கார்பனுக்குப் போகலாம், அதற்கு ஒன்பது.